அணைத்த பிறகும் சுழன்ற ஃபேன்

இலங்கை மலைநாட்டில் டயகமவுக்கு மேலே இருக்கிற தோட்டத்தில், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடியில், சோலைமலை இருபத்தொன்பது வருஷம் வேலை செய்தார். நீளமான தொட்டிகள், அவற்றின் மேல் கம்பி வலை, வலையின் மேல் ஓர் அடி உயரத்துக்குப் பச்சைக் கொழுந்து. தொட்டியின் ஒரு முனையில் ஆள் உயர ஃபேன் சுழன்று வலைக்குக் கீழே காற்றைத் தள்ளும். பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு மணி நேரம். கொழுந்து வாடிய அளவு கொஞ்சம் பிசகினாலும் அன்றைய தேயிலை கெட்டுவிடும். சோலைமலை கொழுந்துக்குள் கையை நுழைத்து, ஒரு பிடி எடுத்து இறுக்கி, விட்டுப் பார்ப்பார். "இன்னும் ஒன்றரை மணி நேரங்க ஐயா" என்பார். மேலதிகாரிகளான டீமேக்கர்கள் நாலைந்து பேர் மாறினார்கள். அவர் சொன்ன நேரத்தை யாரும் மாற்றவில்லை.

மாடிச் சுவரில் இரண்டு தெர்மாமீட்டர்கள் தொங்கும். ஒன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றது வெறுமனே இருக்கும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் குறைந்தால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். மணிக்கு ஒருமுறை அதைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவது அவர் வேலை. மிஸ்ட் என்கிற பனிமூட்டம் இறங்கும் நாட்களில், கீழே அடுப்பிலிருந்து சூடான காற்றைக் கலந்து விடுவார். கொழுந்து வாடி முடிந்ததும் சூட்டை நிறுத்திவிட்டு, ஃபேனை மட்டும் இன்னும் அரை மணி நேரம் ஓடவிடுவார். உள்ளே தங்கிய சூடு முழுக்கப் போனால்தான் கொழுந்து சிவக்காது. இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சிவந்துபோன கொழுந்துக்காக நாலு தடவை வசவு வாங்கித் தானாகவே கண்டுகொண்டார்.

அவருக்கும் சண்முகவடிவுக்கும் ஒரே பிள்ளை, அழகன். ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டுக் கொழும்பில் கம்பியூட்டர் பழுது பார்க்கிற கடையொன்றில் சேர்ந்தான். மூன்று வருஷம் நன்றாகத்தான் இருந்தான். இரண்டாயிரத்தாறாம் ஆண்டு ஆவணியில், யுத்தம் மறுபடி மூண்ட நேரம், அவன் தங்கியிருந்த லொட்ஜைப் போலீசார் சோதனை போட்டார்கள். அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி இருந்தது, கொழும்பில் தங்கப் போலீசில் பதிந்த துண்டு இல்லை. கூட்டிப்போய்விட்டார்கள். கடை முதலாளி கடிதம் கொடுத்து ஒன்பதாம் நாள் வெளியே எடுத்தார்.

வீட்டுக்கு வந்தவன் பேசவில்லை. என்ன நடந்தது என்று சண்முகவடிவு கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, விசாரிச்சாங்க" என்றான். அதற்குப் பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலைத் தாண்டவில்லை. கடைக்குப் போகச் சொன்னால் போவதாகச் சொல்வான், போகமாட்டான். பஸ் ஹாரன் கேட்டால் காம்பிரா அறைக்குள் போய்விடுவான். வாசலில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நின்று பேசினாலும் எழுந்து நின்றுகொள்வான். அவர் போகும்வரை உட்காரமாட்டான்.

சோலைமலை மனதில் அன்றைக்கு ஒன்று உறுதியானது. இவன் மறுபடி கொழும்புக்குப் போகக் கூடாது. என்ன ஆனாலும் சரி. தோட்டத்தில் இருக்கட்டும், வேலை இல்லாமல் இருந்தாலும் இருக்கட்டும், போகக் கூடாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்தது எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

ஐந்து மாதம் கழித்து ஒருநாள் அழகன் தானாக வாய் திறந்தான். பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் தாளைக் காட்டி, "அப்பா, இந்த மாதிரி ஒரு கம்பியூட்டர், சாமான் வாங்கி நானே பூட்டுவேன்" என்றான்.

"என்னா செய்யிறதுக்கு?"

"கேம் விளையாட."

வேறு அப்பாவாக இருந்தால் சிரித்திருப்பார். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை விளையாடப் பெட்டி கேட்கிறான். சோலைமலைக்கோ, அவன் ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டான் என்பதே போதுமாக இருந்தது. அவன் கொழும்பில் சேர்த்து வைத்திருந்த பணமும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஹட்டனுக்கு பஸ் ஏறினார்கள். அழகன் வழி முழுக்க அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தான். சோலைமலை அதைக் கவனிக்காதது போல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹட்டனில் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடிப்படி ஏறினால் கந்தப்பனின் கடை. கல்யாணப் பத்திரிகை அடிப்பார், ஜாதகம் எழுதுவார், கம்பியூட்டர் பூட்டி விற்பார். முன்பே போனில் சொல்லியிருந்ததால், கொழும்புக் கடையொன்றிலிருந்து இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளைத் தருவித்து வைத்திருந்தார்.

"படம் காட்டுறதுக்குன்னே தனியா ஒரு கார்டாப்பா?" என்று சோலைமலை மகனிடம் கேட்டார்.

"ஆமாப்பா. சாதாரண வேலைக்குத் தேவையில்ல. கேமுக்கு இதுதான் எஞ்சின்."

முதல் கார்டின் பெட்டி பெரிது. மேலே வாள் பிடித்த பெண்ணின் படமும் 256 என்று கொட்டை எழுத்தும். கார்டில் ஃபேன் இல்லை, சூட்டை இழுக்க வெள்ளித் தகடுகள் மட்டும். இரண்டாவது சிறிய பெட்டி. 128 என்று போட்டிருந்தது. கார்டின் நடுவே தீப்பெட்டி அகலத்தில் ஒரு குட்டி ஃபேன்.

"இதுல என்னாண்ணே யோசனை?" என்றார் கந்தப்பன். "இருநூத்தி அம்பத்தாறு இருக்கும்போது யாராவது நூத்தி இருபத்தெட்ட வாங்குவாங்களா? விலையும் ஒண்ணுதான். பெட்டியப் பாருங்க, எம்மாம் பெருசு."

"பெட்டிய வச்சு விளையாட முடியாதுண்ணே" என்றான் அழகன். "அதுல மெமரி பெருசு, ஆனா போற வழி ஒடுக்கம். பெரிய தொட்டி, சின்ன ஃபேன். இது சின்னத் தொட்டி, ஆனா நல்ல காத்து."

அவன் கந்தப்பனிடம் பேசினாலும் பார்த்தது அப்பாவைத்தான். சோலைமலைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பெரிய தொட்டி நிறையக் கொழுந்தைக் கொட்டிவிட்டுக் காற்றுப் போதாமல் தவித்த நாட்கள் அவருக்குத் தெரியும்.

"சின்னத எடு" என்றார்.

"சரி, உங்க இஷ்டம். ஆனா அதுக்கு ஃபேனு, கம்பியூட்டர்ப் பெட்டிக்கும் தனியா ரெண்டு ஃபேனுன்னு எழுதிக்கிட்டு வந்திருக்கான் உங்க புள்ள. இந்தக் குளிருக்கு ஃபேன் என்னாத்துக்குண்ணே? மனுசனே கம்பளிக்குள்ள நடுங்குறான். கடை தொறந்து எட்டு வருசம், ஒரு ஃபேன் வித்ததில்ல."

"வெளிய குளிருனா உள்ளுக்கும் குளிருன்னு யாரு சொன்னா? எங்க ஸ்டோர் வெளிய ஐஸ் மாதிரி இருக்கும். வாடுற கொழுந்துக்குள்ள கைய விட்டுப் பாரு."

கந்தப்பன் அலுமாரிக்கு அடியிலிருந்து தூசி படிந்த ஏழெட்டு ஃபேன்களை எடுத்து மேசையில் கொட்டினார். சோலைமலை ஒவ்வொன்றையும் மின்சாரம் கொடுத்து ஓட்டச் சொன்னார். ஒரு செய்தித்தாள் துண்டைக் கிழித்து முன்னால் பிடித்து, அது எவ்வளவு தூரத்தில் அசைகிறது என்று பார்த்தார். பிறகு காதோடு வைத்துக் கண்ணை மூடினார். "இது இருமுது." அடுத்தது. "இதுக்கு அச்சு தேஞ்சு போச்சு." அடுத்தது. "இது காத்த வீசல, சத்தத்த வீசுது."

"பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்களேண்ணே."

"இவனுக்குப் பொண்ணு பாக்கப் போனா இம்புட்டு நேரம் எடுக்க மாட்டேன்."

அழகன் சிரித்தான். வாய்விட்டு இல்லை, ஆனாலும் சிரித்தான். கந்தப்பனுக்கு அது சாதாரணமாக இருந்திருக்கும். சோலைமலை கையிலிருந்த ஃபேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி குனிந்தே இருந்தார், கண் கலங்கியது தெரியாமல் இருக்க. கடைசியில் இரண்டைப் பொறுக்கினார். பேரிங் குண்டு வைத்த அச்சு, ஒரே சீரான சுழற்சி. அவற்றில் அவர் பிசகவில்லை. பின்னால் எத்தனையோ பிசகின, அந்த இரண்டு ஃபேன்கள் கடைசிவரை பிசகவில்லை.

வீட்டில் பெட்டியைப் பூட்டியபோது அப்பாவும் பிள்ளையும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்க ஃபேன் வெளியே தள்ள வேண்டும் என்று அழகன் சொன்னான். சோலைமலை ஒத்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அணைச்சதும் ஃபேனும் நின்னுருமா?"

"ஆமாப்பா, எல்லாம் ஒண்ணா நிக்கும்."

"அது தப்பு. உள்ள சூடு தங்கும்ல. சூட்ட நிறுத்தினப்புறம் அரை மணி நேரமாவது காத்து ஓடணும்."

"அப்பா, இது கொழுந்து இல்ல."

"சூடு சூடுதான்."

அழகனுக்கு அது தேவையில்லை என்று தெரியும். ஆனாலும் அப்பா இரண்டு ஃபேன்களின் வயர்களையும் பிரித்து, பழைய ரேடியோவின் அடாப்டரோடு தனியாக இணைத்தபோது அவன் தடுக்கவில்லை. அவன் மனதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? இத்தனை மாதமாகத் தன்னைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன மனிதர் ஒரு வேலையில் மகிழ்ச்சியாக இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

பெட்டியை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. காம்பிராவுக்குள் அடுப்புப் புகை. புகை உள்ளே போனால் கார்டில் கரி படியும் என்று சோலைமலை சொன்னார். ஜன்னல் கட்டையோடு ஒட்டி ஒரு பலகை அடித்து, முன்பக்க ஃபேன் ஜன்னலின் இடைவெளியைப் பார்க்கும்படி பெட்டியை வைத்தார். வெளிக்காற்று சுத்தமானது. மாசி மாதம், வெயில் காலம். காற்று வறண்டு, சில்லென்று இருந்தது.

அடுத்த நாலு மாதம்தான் அந்த வீட்டின் நல்ல காலம். அழகன் கார் ஓட்டினான். திரையில் ஒரு பெரிய நகரம், விளக்குகள், அகலமான வீதிகள். பந்தயத்தில் ஓடாமல் வெறுமனே நகரத்தைச் சுற்றிச் சுற்றி வருவான். சண்முகவடிவு கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அவன் பின்னால் நின்று பார்ப்பாள்.

"யாருமே இல்லியே தம்பி அந்த ஊர்ல."

"அதான்மா நல்லாருக்கு."

பிறகு லயத்துப் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள், பிறகு உள்ளே வந்தார்கள். பெட்டியைத் தொட்டுப் பார்த்து, எவ்வளவு நேரம் விளையாடினாலும் சூடே ஏறவில்லை என்று ஆச்சரியப்படுவார்கள். "எங்கப்பா செட் பண்ணினது" என்பான் அழகன். சித்திரையில் தனியாகவே ஹட்டனுக்குப் போய்க் கந்தப்பனைப் பார்த்துவிட்டு வந்தான். கடையின் ஒரு மூலையை அவர் தருவதாகச் சொன்னார். மூன்று கம்பியூட்டர் போட்டு விளையாட விடலாம், பழுதும் பார்க்கலாம். முதலில் இந்த ஒன்றைக் கொண்டுபோய் வைப்பது, பிறகு மற்றவை. சோலைமலை அன்றைக்கு மாடியில் இரண்டு தெர்மாமீட்டரையும் பார்த்துவிட்டு எழுத மறந்தார், செல்லசாமிதான் ஞாபகப்படுத்தினான். அடுப்பு வேலைக்காரன் செல்லசாமி அவருக்கு மைத்துனன் முறை. "என்னா மச்சான், பேரப்புள்ள பொறந்தவன் மாதிரி நிக்கிறீங்க" என்றான்.

வைகாசி கடைசியில் மழை தொடங்கியது. மலையின் மேலிருந்து மிஸ்ட் இறங்கி லயத்துக்குள் வந்தது. வாசலில் நின்றால் எதிர் லயம் தெரியாது. காயப்போட்ட துணி நாலு நாளாகக் காயாது. சோலைமலை மாடியில் அடுப்புக் காற்றைக் கூட்டினார். கரும்பலகையில் இரண்டு தெர்மாமீட்டருக்கும் வித்தியாசம் அரைப் புள்ளி என்று எழுதினார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, அழகன் கம்பியூட்டரை அணைத்திருந்தால் ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் ஓடட்டும் என்று அவரே நீட்டினார். அந்த இரண்டு ஃபேன்களும் ஜன்னலிலிருந்து மிஸ்டை இழுத்து, சூடு ஆறிக்கொண்டிருந்த கார்டின் மேல் நாள் தவறாமல் ஊதின.

ஆடி பிறந்த வாரத்தில் திரையில் முதலில் புள்ளிகள் வந்தன. பிறகு கோடுகள். ஒருநாள் காலை எதுவும் வரவில்லை.

கார்டைக் கழற்றி வேறு கம்பியூட்டரில் சோதிக்க அழகனுக்கு வழியில்லை. கந்தப்பன் போனில் சொன்னார்: "ஒரு வருசத்துக்கு உத்தரவாதம் இருக்கு. ஆனா கொழும்புக் கடைக்கு நேர்ல கொண்டுபோய்க் காட்டணும். பார்சல்ல அனுப்பினா எடுக்க மாட்டானுங்க."

"நான் போறேன்பா" என்றான் அழகன்.

"நீ போக வேணாம். நான் போறேன்."

"நீங்க என்னத்தச் சொல்லுவீங்க?"

"கார்டு பேசும். நான் என்னத்துக்குப் பேசணும்."

அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். ஸ்டோரில் பாதி வேலை சிங்களத்தில்தான். கார்டைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

கொழும்புக் கடையில் இருந்தவன் கண்ணாடி போட்ட இளைஞன். மரியாதையானவன். கார்டை வெளிச்சத்தில் பிடித்தான், திருப்பினான், பூதக்கண்ணாடி வைத்தான். பிறகு சோலைமலையை அருகே கூப்பிட்டு அவருக்கும் காட்டினான். வெள்ளீயப் புள்ளிகளைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சணம் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. குட்டி ஃபேனின் இதழ்களுக்கு அடியில் செம்பு கறுத்திருந்தது.

"அங்கிள், இது தண்ணி. இதுக்கு உத்தரவாதம் கிடையாது."

"தண்ணி படலியே. ஜன்னல்கிட்ட வச்சிருந்தோம், மழை உள்ள வராது."

"எந்த ஊர்?"

சொன்னார்.

"அங்க மிஸ்ட் இருக்கும் இல்லையா? மெஷின் ஓடும்போது பரவால்ல, சூடா இருக்கும், ஈரம் நிக்காது. அணைச்சப்புறம் ஆறும்போதுதான் படியும். ஆனா ஃபேனும் நின்னுருமே, இவ்வளவு எப்படி ஏறிச்சுன்னுதான் விளங்கல."

சோலைமலைக்கு விளங்கியது. இருபத்தேழு வருஷமாக மணிக்கொரு தடவை காற்றின் ஈரத்தைப் பார்த்து எழுதியவர் அவர். ஈரக்காற்று என்ன செய்யும் என்று அந்தத் தோட்டத்தில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கொழுந்தில் ஈரத்தைப் பார்த்தவர் மெஷினில் சூட்டை மட்டும் பார்த்துவிட்டார்.

இளைஞன் கார்டைத் திருப்பி நீட்டினான். அவர் வாங்கவில்லை. "இங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ரயிலில் ஏழு மணி நேரம். சொல்லிவிடுவது என்று கிளம்பியவர்தான். நாவலப்பிட்டி தாண்டியபோதும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியபோது அழகன் நின்றிருந்தான். பஸ் ஹாரன் கேட்டால் உள்ளே ஓடியவன், ரோட்டுக்கே வந்து நின்றிருந்தான்.

"என்னாப்பா சொன்னாங்க?"

"கம்பெனிக் கோளாறாம்" என்றார் சோலைமலை. "வேற கார்டு வரணுமாம். வந்ததும் கந்தப்பனுக்குப் போன் பண்ணுவாங்களாம்."

ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்லும்போது அது எத்தனை நாள் தாங்கும் என்று அவர் யோசிக்கவில்லை. மறுநாள், ஃபேன் வயர்களை அடாப்டரிலிருந்து கழற்றி, அழகன் முன்பு சொன்னபடியே பெட்டிக்குள் இணைத்தார். ஏன் என்று அவன் கேட்டான். "நீ சொன்னதுதான் சரின்னு தோணுச்சு" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

போன் வரவில்லை. அழகன் இரண்டு நாளைக்கொரு தடவை கந்தப்பனுக்குப் பேசினான். கந்தப்பன் மூலைக்கு மேசை அடித்து வைத்துவிட்டார். கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன் என்ன பெயர் என்று கேட்டுவிட்டுப் போனான். ஒரு வாரம், இரண்டு வாரம். மழை விடட்டும் என்றார் சோலைமலை. கோயில் தேர் முடியட்டும் என்றார். கப்பல் தாமதமாகும் என்றுகூடச் சொன்னார், கார்டு கப்பலில் வருமா என்பதே தெரியாமல். ஒவ்வொரு பொய்யும் முந்தியதற்கு முட்டுக் கொடுத்தது. சொல்லிவிட்டால் அவன் கோபப்படுவான் என்று அவர் பயப்படவில்லை. அவன் கோபப்படமாட்டான், அதுதான் பயம். அப்பா செட் பண்ணினது என்று லயம் முழுக்கச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டபோது நிமிர்ந்த நெஞ்சோடு நடந்த ஒரு மனிதனை அவரால் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட முடியவில்லை.

கடைசியில் அழகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான். "நான் ஒருக்கா போய்க் கேட்டுட்டு வந்துர்றேன்பா. ஒரே நாள். லொட்ஜுல தங்கப் போறதில்ல. விடிய பஸ்ல போய் மத்தியான ரயில்ல வந்துருவேன்."

"பயமில்லியாடா?"

"இப்ப இல்லப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அது உண்மை. அவன் நன்றாகத்தான் இருந்தான். அவனை நன்றாக்கியது அந்த மெஷின்தான். வீட்டோடு வைத்திருக்க வாங்கிய மெஷின், வெளியே போகிற தைரியத்தையும் கொடுத்துவிட்டது. சோலைமலை, "திங்கக்கிழமை பேசிக்கலாம்" என்றார். திங்கட்கிழமை மாலை சொல்லிவிடுவது என்று முடிவும் செய்தார். இந்தத் தடவை உண்மையாகவே முடிவு செய்தார். திங்கட்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தபோது சண்முகவடிவு கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ள எங்க?"

"கார்டு வாங்கப் போயிட்டான். விடிய பஸ்ஸுக்கே போயிட்டான். ராத்திரிச் சோத்துக்கு வந்துருவேன்னான். கருவாட்டுக் கொழம்பு வைக்கச் சொன்னான்."

அழகன் வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. சோலைமலை போன இடங்களை எழுதினால் அது ஒரு பட்டியலாகிவிடும், அவர் போன இடங்களில் எல்லாம் பட்டியல்கள்தான் இருந்தன. ஒன்றிலும் அழகன் பெயர் இல்லை. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே நாலைந்து பையன்களை யாரோ வண்டியில் ஏற்றியதாக ஒரு பழக்கடைக்காரர் சொன்னார். அதில் சிவப்புச் சட்டை ஒன்று இருந்ததா என்று கேட்டால், இருக்கலாம் என்றார். அவன் போட்டுக்கொண்டு போனது சிவப்பா என்று சண்முகவடிவைக் கேட்டால், விடிய இருட்டாக இருந்தது என்று அழுதாள். அந்தக் கண்ணாடி இளைஞனின் கடைக்கு மட்டும் சோலைமலை போகவில்லை. அந்தத் தெரு வழியாகக்கூடப் போகவில்லை. போனால் அவன் என்ன சொல்வான் என்று அவருக்குத் தெரியும்.

கேட்கிறவர்களிடமெல்லாம் சண்முகவடிவு ஒரே மாதிரிச் சொன்னாள். "கடைக்காரங்க வரச் சொன்னாங்க, கார்டு வந்துருச்சுன்னு. அதான் புள்ள போனான்." சோலைமலை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். யாரும் வரச் சொல்லவில்லை. ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னதில் அது அவளுக்கு நடந்த விஷயமாகிவிட்டது.

இரண்டாயிரத்தெட்டு கார்த்திகையில் நுவரெலியாவில் ஓர் அலுவலகத்தில் காணாமல்போனவர்கள் பற்றி விசாரணை என்று கடிதம் வந்தது. காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். தமிழ் தெரிந்தவருக்கு அன்றைக்கு விடுமுறை. அதிகாரி நல்ல மனிதர், வயதானவர், இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். கோப்பைத் திறந்து, கொழும்பில் எடுத்த வாக்குமூலம் ஒன்றை மெதுவாகச் சிங்களத்தில் வாசித்தார். கடைசியாக அழகனைப் பார்த்துப் பேசியவரின் வாக்குமூலம். கம்பியூட்டர்க் கடை இளைஞன்.

சிங்களம் தெரியாத சண்முகவடிவு கணவனின் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க சொல்றாரு?"

சோலைமலை தமிழில் சொன்னார். "புள்ள பதினோரு மணிக்குக் கடைக்குப் போயிருக்கான்."

"ஆமா, கார்டு வாங்க."

"கார்டு தண்ணி பட்டுக் கெட்டதாம். மாத்தித் தர முடியாதுன்னு கடைக்காரரு ஒரு மாசம் முந்தியே சொல்லிட்டாராம்."

"யாருகிட்ட?"

"எங்கிட்ட."

அதிகாரி வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வெளியே யாரோ ஒரு பெண் தன் பிள்ளையின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்ப புள்ள எதுக்குப் போனான்?" என்றாள் சண்முகவடிவு.

"நான் அவன்கிட்டச் சொல்லல. வேற கார்டு வரும்னு சொன்னேன். கார்டு கெட்டதும் என்னாலதான். அந்த ஃபேனால."

அதிகாரி மிச்சத்தை வாசித்தார். மிச்சம் நாலு வரிதான், கடை இளைஞன் சொன்னபடியே. மாற்றுக் கார்டு கிடையாது, இதை உங்கள் அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன் என்று அந்தப் பையனிடம் கூறினேன். நான் கார்டை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தான். அப்பாவுக்குச் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும், பாவம், நான் போய்த் தெரியாத மாதிரியே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று இறங்கிப் போனான்.

"இப்ப என்னா சொன்னாரு?" என்று சண்முகவடிவு கேட்டாள்.

சோலைமலை தரையைப் பார்த்தார். "அப்புறம் ரயிலுக்குன்னு எறங்கிப் போயிட்டானாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஏன் அந்த நாலு வரியை விழுங்கினார் என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டதில்லை. அந்த மன்னிப்பு பிள்ளை கொடுத்தது. அதை அவன் அம்மாவிடம் காட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது அதை வாய்விட்டுச் சொன்னால் அங்கேயே உடைந்துவிடுவோம் என்று பயந்திருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் சண்முகவடிவு முன்னால் போய் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். லிந்துலையில் அந்தப் பெண் இறங்கியதும் தன் பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். சோலைமலை கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். அதன்பிறகு அவர் பத்து மாதம் உயிரோடு இருந்தார். அவள் சமைத்தாள், தட்டில் போட்டு வைத்தாள், துணி துவைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாலு வரியைச் சொல்லியிருந்தால் பேசியிருப்பாள். பத்து மாதத்தில் எந்த நாளிலும் அவர் சொல்லியிருக்கலாம். புரட்டாசியில் மாடியில் தொட்டியின் ஓரமாக உட்கார்ந்தவர் எழவில்லை. செல்லசாமி தூக்கிப் பார்த்தபோது உடம்பு ஆறிவிட்டிருந்தது.

வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை அன்றைக்கு அந்த அதிகாரி அவர்களிடம் கொடுத்திருந்தார். சண்முகவடிவு அதை மடித்து அழகனின் பிறப்புச் சான்றிதழோடு துணிப்பெட்டியில் வைத்திருக்கிறாள். விசாரணை என்று கூப்பிட்ட இடமெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறாள். அது சிங்களத்தில் இருக்கிறது. வாங்கிப் பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என்று அவள் அவர்களிடம் சொல்கிறாள்.